பாடசாலையும் மகஜரும்

பொதுப் பணத்தால் நடைபெறும் பாடசாலையில் என்ன கற்பிக்கப்படுகிறது, எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, கற்பிக்க எத்தனை உபாத்தியாயர்கள் இருக்கிறார்கள் என்று சர்க்காரைக் கேட்கப் பிரஜைகளுக்கு உரிமை உண்டா? உண்டென்றே எவரும் விடை பகர்வர். மேடையில் நின்று இவ்வுரிமையை மறுத்துப் பேசும் மந்திரி எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் மேடை வேறு, ஆபீஸ் மேஜை வேறு. ஒரு கிராமத்துப் பெற்றோர் பத்துப் பேர் கூடித் தங்கள் ஊர்ப் பாடசாலையின் போதனையைக் குறித்து மனு ஒன்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாயின், "பாடத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்ற கேள்வியே பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கும் முதல் விடை. பல சமயங்களில் அதுவே கடைசி விடையுமாகும்.

மனுக் கொடுக்கும் உரிமை பாதி உரிமையே என்பது நமது அபிப்பிராயம். அந்த மனுவுக்குக் காரணத்துடன் கூடிய பதிலைப் பெறும் உரிமையே மற்றப் பாதி. முதற்பாதியை நமது அரசியல் சட்டம் தந்திருக்கிறது. இரண்டாம் பாதியைப் பாடசாலை விஷயத்தில் மட்டும், அதுவும் ஓரளவுக்கே, 2009-ம் வருஷத்துச் சட்டம் தந்திருக்கிறது. தந்ததையும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. பதில் சொல்லாத சர்க்கார் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு வேறு தேசத்துச் சரித்திரத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. சேலம் ஜில்லாவின் சரித்திரமே போதும்.

மகஜர் பிச்சையன்று

மனு என்றவுடன் கைகட்டி வாய்புதைத்து நிற்கும் ஓர் ஏழையின் உருவமே நம்மவர் பலருடைய மனத்தில் தோன்றுகிறது. "சமூகத்துக்கு" என்று தொடங்கித் "தங்கள் தாழ்மையுள்ள" என்று முடியும் பழைய நடையினால் விளைந்த மயக்கம் இது. ஆராய்ந்து பார்த்தால் மனு என்பது பிச்சைப் பாத்திரமன்று. அது ஒரு நோட்டீஸ். "இன்ன குறை இருக்கிறது, இது உனக்குத் தெரியாது என்று இனி நீ சொல்லமுடியாது" என்று ஆள்வோனுக்கு ஆளப்படுவோன் விடுக்கும் அறிவிப்பே அது.

இங்கிலாந்தில் இவ்வுரிமை இலேசில் கிடைக்கவில்லை. 1688-ம் வருஷத்தில், இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் தம் பிரகடனம் ஒன்றை எல்லாக் கோயில்களிலும் படிக்கவேண்டுமென்று உத்தரவிட்டார். அதனின்று விலக்களிக்குமாறு ஏழு பிஷப்புகள் மன்னருக்கு மனுச் செய்தனர். மனுச் செய்ததே ராஜத்துவேஷம் என்று அவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஜூரிகள் அவர்களை விடுதலை செய்தார்கள். அடுத்த வருஷம் இயற்றப்பட்ட உரிமைச் சாஸனத்தில், அரசனுக்கு மனுச் செய்வது பிரஜைகளின் உரிமை என்றும், அதற்காகத் தண்டிப்பது சட்ட விரோதம் என்றும் எழுதிவைத்தார்கள்.

சென்னை ராஜதானியிலும் இவ்வுரிமைக்கு நீண்ட மரபு உண்டு. 1846-ல் கவர்னராயிருந்த ட்வீடேல் பிரபு, சர்க்கார் பாடசாலைகளில் பைபிளைப் பாடப் புஸ்தகமாக வைக்கலாம் என்று குறிப்பெழுதினார். அவ்வருஷத்திலேயே சென்னை மக்கள் பெருங்கூட்டம் கூட்டி, ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட மகஜர் ஒன்றை லண்டனிலிருந்த கம்பெனி டைரக்டர்களுக்கு அனுப்பினார்கள். அதில் முன்னின்றவர் "கிரெஸெண்ட்" பத்திரிகையை நடத்தி வந்த கஜூலு லக்ஷ்மிநரசு செட்டியார். டைரக்டர்கள் 1847-ல் கவர்னரின் யோசனையை ஏற்க மறுத்துவிட்டார்கள். இங்கே நேயர்கள் கவனிக்க வேண்டுவது ஒன்று. அந்நாளில் நம்மவருக்கு ஓட்டில்லை, சட்டசபையில்லை, அரசியல் சட்டமில்லை. கடல் கடந்து போகவேண்டிய காகிதம் ஒன்றே அவர்கள் கையில் இருந்தது. பொதுப்பணத்தில் நடக்கும் பாடசாலையில் நம் குழந்தைகளுக்கு எதைக் கற்பிப்பது என்பது நம்மைக் கேளாமல் தீர்மானிக்கத்தக்க விஷயமன்று என்பதை அந்தக் காகிதத்தைக் கொண்டே அவர்கள் நிலைநாட்டினார்கள்.

சேலத்தார் ஆட்சியில்

இனி நம் ஜில்லாவுக்கு வருவோம். 1937-ம் வருஷம் ஜூலை மாதம் சென்னை ராஜதானியில் காங்கிரஸ் மந்திரி சபை பதவி ஏற்றது. பிரதம மந்திரி ராஜகோபாலாச்சாரியார். அவர் 1900-ம் வருஷம் முதல் சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தியவர். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராயிருந்தவர். 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவியவர். கல்வி இலாகாவை வகித்த டாக்டர் ப. சுப்பராயன் அதே திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார். ஆகவே ராஜதானி முழுவதிலும் உள்ள பாடசாலைகளின் போதனையைத் தீர்மானிக்கும் அதிகாரம், நம் சமவெளியில் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் ஊர் கொண்ட இருவரிடம் இருந்தது எனலாம். அவ்வருஷம் அக்டோபர் 1-ந்தேதி மதுவிலக்கையும் சேலம் ஜில்லாவிலேதான் முதன்முதலில் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். இந்த ஜில்லாவின் மக்கள் மனத்தை அறியாதவர்கள் என்று அவர்களை எவரும் சொல்ல இயலாது.

1937 ஆகஸ்டில், பாடசாலைகளில் ஹிந்தி கட்டாயமாக்கப்படும் என்று பிரதம மந்திரி தெரிவித்தார். தமிழறிஞர் பலர் ஆக்ஷேபித்தனர். வக்கீலும் தமிழ்ப் பேராசிரியருமான நாவலர் சோமசுந்தர பாரதியார் பிரதம மந்திரிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். வசையோ மிரட்டலோ இன்றி வாதங்களை அடுக்கிக் காட்டிய கடிதம் அது. ஒரு வக்கீல் மற்றொரு வக்கீலுக்கு எழுதியது. கூட்டங்கள் நடந்தன, தீர்மானங்கள் நிறைவேறின. இவற்றுக்கெல்லாம் பதிலாக வந்தது 1938 ஏப்ரல் 21-ந்தேதி உத்தரவு. 125 உயர்தரப் பாடசாலைகளில் முதல் மூன்று பாரங்களுக்கும் ஹிந்தி கட்டாயம் என்றது அவ்வுத்தரவு.

அதன்பின் நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. மனுவுக்கு இடமில்லாத இடத்தில் மறியல் வந்தது. மறியலுக்குப் பதிலாக, அந்நிய சர்க்கார் காங்கிரஸ்காரர்மீது வீசிய கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டத்தையே காங்கிரஸ் சர்க்கார் எடுத்து வீசிற்று. கைதானோர் 1,198 பேர். அவர்களுள் தண்டனை பெற்றோர் 1,179 பேர். 73 பெண்களும், தாயாருடன் சென்ற 32 குழந்தைகளும் சிறை புகுந்தனர். நடராசன், தாளமுத்து என்னும் இருவர் 1939-ம் வருஷத் தொடக்கத்தில் சிறைவாசத்தின்போது நோயுற்று உயிர் நீத்தனர்.

ஹிந்தி படிப்பது நல்லதா, அல்லதா என்பதன்று இங்கே நமது விசாரணை. கட்டாயத்துக்கும் கிளர்ச்சிக்கும் நடுவே ஒரு வழி இருந்தது. அவ்வழியைக் காட்டியவர் எதிர்க்கட்சிக்காரரல்லர். காங்கிரஸ் தலைவர்களுள் ஒருவரான சத்தியமூர்த்தி 1938 ஜூலையில் காந்தியடிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் குழந்தை கட்டாயமாக ஹிந்தி படிப்பது தம் மனச்சாட்சிக்கு விரோதம் என்று ஒரு பெற்றோர் மாஜிஸ்டிரேட் முன் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வாராயின், அக்குழந்தைக்கு விலக்களித்து விடலாம் என்பது அவர் யோசனை. கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டத்தைப் பிரயோகிக்க வேண்டாம் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். இதைவிட எளிய பரிகாரம் வேறென்ன இருக்கக்கூடும்? ஒரு பெற்றோர், ஒரு பிரமாணப் பத்திரம், ஒரு விலக்கு. சர்க்காரின் கௌரவத்துக்கும் குறைவில்லை, பெற்றோரின் மனச்சாட்சிக்கும் குறைவில்லை. ஆனால் அந்த யோசனை அமுலுக்கு வரவில்லை. 1939 அக்டோபரில் மந்திரி சபை வேறு காரணத்தால் ராஜினாமாச் செய்தது. 1940 பிப்ரவரி 21-ந்தேதி, கவர்னரின் சர்க்கார் ஹிந்தியை விருப்பப் பாடமாக மாற்றி உத்தரவிட்டது. பிரமாணப் பத்திரத்தால் கிடைத்திருக்கக்கூடிய அதே பலன், இரண்டு உயிர்களுக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறைவாசங்களுக்கும் பின்னர் கிடைத்தது. நம்மவர் சர்க்கார் மறுத்ததை அந்நியக் கவர்னர் வழங்கினார் என்ற அபகீர்த்தியும் மிஞ்சிற்று.

இரண்டாம் முறையும் அதே பிழை

ஒருமுறை சுட்ட கை மறுமுறை நெருப்பை அணுகாது என்பர். ஆனால் 1953-ல் மீண்டும் அதே கை, அதே நெருப்பு. அவ்வருஷம் முதல் மந்திரியாயிருந்த ராஜாஜி, கிராமாந்தரத்து ஆரம்பப் பாடசாலைகளுக்குப் புதிய திட்டம் ஒன்றை ஜூன் மாதத்திலிருந்து அமுலுக்குக் கொண்டுவந்தார். குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பாடம். மிச்சப் பொழுதில் அவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும். பணம் போதாத சர்க்கார், இருக்கும் கட்டடத்தையும் உபாத்தியாயரையும் கொண்டு அதிகக் குழந்தைகளுக்குக் கல்வி தருவதற்கு வழி இதுவே என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் அடியோடு நியாயமில்லை என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆயினும், தறிக்குழியில் இறங்குகிற நெசவாளியையும் பிறர் நிலத்தில் உழுகிற பண்ணையாளையும் எண்ணிப் பாருங்கள். தாம் பட்ட பாட்டைத் தம் மகன் படக்கூடாது என்றுதானே அவர்கள் குழந்தையைப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள்? தகப்பன் தொழிலே மகனுக்கு என்று சர்க்கார் முத்திரை போட்டுக் கொடுத்தால், அது கல்வித் திட்டமாக அவர்களுக்குத் தோன்றுமா, ஜாதித் திட்டமாகத் தோன்றுமா? பட்டணத்துக் குழந்தைக்கு முழுநேரம், கிராமத்துக் குழந்தைக்கு அரைநேரம் என்ற பேதமும் அதிலே இருந்தது. "குலக் கல்வி" என்று எதிர்த்தோர் அதற்கு இட்ட பெயர் ஒட்டிக்கொண்டது.

யாருடைய குழந்தைகளுக்காகத் திட்டம் வகுக்கப்பட்டதோ அவர்களை முன்கூட்டிக் கேட்கவில்லை. சட்டசபையைக் கலந்து கொள்ளவில்லை. சொந்தக் கட்சியினரையே கேட்கவில்லை என்ற குறையும் எழுந்தது. 1953 ஜூலையில் சட்டசபையில் கடும் விவாதம் நிகழ்ந்தது. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவின் பரிசீலனைக்கு விடவேண்டும் என்ற தீர்மானம் 139-க்கு 137 என்ற இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறிற்று. பருலேகர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அக்குழு நவம்பரில் அறிக்கை தந்தது. அறிக்கை திட்டத்துக்குப் பெரும்பாலும் சாதகமாகவே இருந்தது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. உத்தரவு முந்தி, விசாரணை பிந்தி என்றால் அந்த விசாரணையை நம்புவோர் யார்? 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். மே மாதத்தில் காமராஜரின் மந்திரி சபை திட்டத்தைக் கைவிட்டது.

இவ்விரு சம்பவங்களிலிருந்தும் நாம் கற்கவேண்டியது யாது? ராஜாஜி கெட்டிக்காரரல்லர் என்றோ, மக்கள்மீது அன்பில்லாதவர் என்றோ யாரும் சொல்லார். தமக்கு நல்லதெனத் தோன்றியதைத் துணிந்து செய்தவர் அவர். பிழை அவருடைய நோக்கத்தில் இல்லை, வரிசையில் இருந்தது. முதலில் கேட்டல், பிறகு தீர்மானித்தல், அதன்பின் உத்தரவு என்பதே முறையான வரிசை. முதலில் உத்தரவு, பிறகு சிறை, கடைசியில் கேட்டல் என்று அது தலைகீழாயிற்று. அறிவாளியான ஆட்சியாளருக்கே இப்பிழை நேருமாயின் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஆட்சியாளரின் அறிவு பெற்றோரின் அனுபவத்துக்கு ஈடாகாது. அந்த அனுபவம் ஆபீஸுக்குள் நுழைவதற்கு இருக்கும் ஒரே நேர்வழி மனுதான்.

சட்டம் சொல்வது என்ன?

நிற்க. இன்றைய சட்டத்தைப் பார்ப்போம். நமது அரசியல் சட்டத்தில் மனுச் செய்யும் உரிமை என்ற தலைப்பில் அடிப்படை உரிமை ஏதும் தனியாக இல்லை. எனினும் 19-வது ஷரத்து பேச்சுச் சுதந்திரத்தையும் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் சுதந்திரத்தையும் வழங்குகிறது. 350-வது ஷரத்து இன்னும் தெளிவானது. குறை தீர்க்குமாறு மத்திய சர்க்காரின் அதிகாரிக்கோ ராஜ்ய சர்க்காரின் அதிகாரிக்கோ எவரும், அங்கே வழங்கும் எந்தப் பாஷையிலும், விண்ணப்பம் செய்துகொள்ளலாம் என்கிறது அது. ராசிபுரத்து நெசவாளி டில்லிக்குத் தமிழிலேயே எழுதலாம். எவரும் அதைத் திருப்பி அனுப்ப இயலாது. மதுரைப் பாராளுமன்ற அங்கத்தினர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு மத்திய சர்க்கார் ஹிந்தியில் பதில் விடுத்தபோது, விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தால் பதிலும் ஆங்கிலத்தில் இருப்பதே கடமை என்று சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை 2021-ல் தீர்ப்பளித்தது.

ஆனால் பதில் சொல்லியே தீரவேண்டும் என்ற பொதுவான கட்டளை 350-வது ஷரத்தில் இல்லை. இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. மனுச் செய்யும் உரிமையை 1791 முதல் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் அமெரிக்காவில்கூட, அந்த மனுவைச் செவிமடுத்தே ஆகவேண்டும் என்ற கடமை சர்க்காருக்கு இல்லை என்று அவர்களுடைய சுப்ரீம் கோர்ட்டு 1984-ல் தீர்ப்புக் கூறியது. அவ்வழக்கும் கல்வி சம்பந்தமானதே. தொடுத்தவர்கள் கலாசாலை உபாத்தியாயர்கள்.

இந்த விதத்தில் நமது 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் அமெரிக்காவையும் மிஞ்சி நிற்கிறது. அதன் 32-வது பிரிவின்படி, குழந்தையின் கல்வி உரிமை சம்பந்தமான குறையை எவரும் உள்ளூர் அதிகார ஸ்தாபனத்திடம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். இரு தரப்பாரையும் விசாரித்து மூன்று மாதத்துக்குள் அதைத் தீர்மானிக்கவேண்டும். தீர்மானம் திருப்தியளிக்காவிடில் ராஜ்யக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக் கமிஷனுக்கு அப்பீல் உண்டு. 21-வது பிரிவின்படி சர்க்கார் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் நிர்வாகக் கமிட்டி இருக்கவேண்டும். அதில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். பாடசாலையின் நடைமுறையைக் கண்காணிப்பதும், அதன் அபிவிருத்தித் திட்டத்தை வகுப்பதும், சர்க்கார் தரும் பணம் செலவாகும் விதத்தைப் பார்ப்பதும் அக்கமிட்டியின் வேலை. 24-வது பிரிவு உபாத்தியாயரின் கடமைகளைச் சொல்கிறது: நேரந் தவறாமல் வருதல், பாடத்திட்டத்தைக் குறித்த காலத்துக்குள் முடித்தல், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அறிந்து வேண்டுமாயின் கூடுதலாகக் கற்பித்தல், பெற்றோரைக் கூட்டிக் குழந்தையின் முன்னேற்றத்தைத் தெரிவித்தல்.

ஆகவே "பாடத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்ற கேள்விக்குப் பெற்றோர் சொல்லவேண்டிய விடை இதுதான்: "எங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது."

நமது சமவெளியின் நிலை

சேலத்திலும் நாமக்கல்லிலும் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுகிறது. கொல்லிமலை அடிவாரத்திலிருந்தும், மோகனூர், பரமத்தி வேலூர்க் காவிரிக்கரையிலிருந்தும், ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக் காடுகளிலிருந்தும் ஜனங்கள் பஸ் ஏறி வருகிறார்கள். பட்டா, பென்ஷன், குடிதண்ணீர், சுடுகாட்டுப் பாதை என்று மனுக்கள் குவிகின்றன. இவை யாவும் நியாயமானவையே. ஆனால் "ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குத் தமிழ்ப் பாடத்தைத் தடையின்றிப் படிக்க வரவில்லை, காரணம் என்ன, பரிகாரம் என்ன?" என்று கேட்கும் மனுவைக் காண்பது அரிது. பட்டா கிடைக்காவிடில் நிலம் நம்மைவிட்டுப் போகிறது என்று தெரிகிறது. படிப்புக் கிடைக்காவிடில் எது போகிறது என்பது பத்து வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. அப்பொழுது மனுக் கொடுப்பதற்கு விலாசமே இராது.

லாரிப் பட்டறையிலும் கோழிப்பண்ணையிலும் ஜவ்வரிசி ஆலையிலும் கூலிக்குப் போகிற பெற்றோருக்கு ஒரு நாள் மனுக் கொடுக்கப்போவது ஒரு நாள் கூலி நஷ்டம். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் பேருக்கு மனுச் செய்வதைவிடப் பாடசாலையை மாற்றிவிடுவது எளிதென்று கடன் வாங்கியேனும் தனியார் பாடசாலையில் குழந்தையைச் சேர்த்துவிடுகிறார்கள். குறை சொல்லத் தெரிந்தவர்கள் வெளியேறிவிட, சொல்லத் தெரியாதவர்களின் குழந்தைகளே சர்க்கார் பாடசாலையில் மிஞ்சுகின்றன. வாய் திறப்பாரில்லாத பாடசாலையை எந்த இலாகா கவனிக்கும்? தேசத்தொண்டில் ஈடுபட்ட நண்பர்களுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது.

மனு எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. "எங்கள் ஊர்ப் பாடசாலை சரியில்லை" என்று எழுதினால் "கவனிக்கப்படும்" என்று பதில் வரும். கவனித்தது யார் என்பது ஒருநாளும் தெரியாது. அதற்குப் பதிலாக இவ்வாறு எழுதிப் பாருங்கள்: "ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இங்கே 47 குழந்தைகள் படிக்கின்றன. 60 குழந்தைகள் வரையில் இரண்டு உபாத்தியாயர்கள் இருக்கவேண்டும் என்கிறது சட்டத்தின் அட்டவணை. இங்கே இருப்பவர் ஒருவரே. இரண்டாமவர் எந்தத் தேதியில் வருவார்?" இப்படி எழுதிய மனுவைக் குப்பைக் கூடையில் போடுவது எளிதன்று, ஏனெனில் அதில் எண் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தேதியும் கேட்கப்பட்டிருக்கிறது. நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ரசீது பெறாமல் திரும்பாதீர்கள். பதில் வராவிடில், அந்த மனுவின்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள். அதற்கு 30 நாளுக்குள் விடை தரவேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும்போது அதே விஷயத்தைத் தீர்மானமாக்குங்கள். தனி மனிதன் மனுவைவிடக் கிராம சபையின் தீர்மானத்துக்குக் கனம் அதிகம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பாடசாலைக் கமிட்டியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் சொல்வது காகிதத்தை நிரப்புவதற்காக அன்று. தாய்மாரின் பெயரை எழுதிவிட்டு அவர்கள் நாற்காலியில் கணவர்மார் போய் உட்காருவது சட்டத்தை ஏமாற்றுவதாகும். குழந்தை வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறதா, விழிக்கிறதா என்பதைத் தாயைப்போல் அறிந்தவர் வேறு யார்?

உரிமைக்கும் எல்லை உண்டு

பெற்றோர் கேட்டதையெல்லாம் சர்க்கார் செய்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. பதில் சொல்வது வேறு, இணங்குவது வேறு. மறுப்பதாயினும் காரணம் காட்டி மறுக்கவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

உபாத்தியாயர்களுக்கும் ஓர் அச்சம் இருக்கிறது. மனு என்ற பெயரால் ஊர்ப் பெரிய மனிதர்கள் தங்களுக்குப் பிடிக்காத உபாத்தியாயரை மாற்றலுக்கு ஆளாக்கிவிடுவார்களோ என்று அவர்கள் நினைப்பது காரணமில்லாததன்று. ஆகவே மனு போதனையைப் பற்றியதாக இருக்கவேண்டும். ஆளின் ஜாதி, மதம், கட்சியைப் பற்றியதாக இருக்கக்கூடாது. ஐந்து வகுப்புக்கு ஒரே உபாத்தியாயரை வைத்துவிட்டு அவரையே குற்றஞ்சாட்டுவதும் தர்மமன்று. ஜனத்தொகைக் கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றும் தவிர வேறு வெளிவேலைகளை உபாத்தியாயர்மீது சுமத்தக்கூடாது என்று சட்டத்தின் 27-வது பிரிவு கூறுகிறது. அந்தப் பிரிவை நிறைவேற்றுமாறு பெற்றோரே மனுச் செய்வார்களாயின், உபாத்தியாயர் அவர்களைப் பகைவராக அல்ல, துணைவராகவே கருதுவார்.

இதனினும் பெரிய எல்லை ஒன்று உண்டு. 1925-ம் வருஷத்தில், சேரன்மாதேவித் தமிழ்க் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் சிலருக்குத் தனிப்பந்தி நடந்தது. அக்குருகுலம் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியின் பொதுப்பணத்தையும் பெற்றிருந்தது. பொதுப்பணம் பெறும் கல்விச்சாலையில் பிறப்பினால் பேதமா என்று முன்வந்து கேட்டவருள் முதல்வர் நம் ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு. அவருடைய "தமிழ்நாடு" பத்திரிகையே அக்கிளர்ச்சியின் குரலாயிற்று. தொண்ணூறு வருஷத்துக்குப் பின், 2018 ஜூலையில், நமக்கு அடுத்த அவிநாசித் தாலுகாவில் திருமலைக்கவுண்டன்பாளையத்துச் சர்க்கார் பாடசாலையிலும் சாப்பாட்டைக் குறித்தே ஒரு கோரிக்கை எழுந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஓர் அம்மையார் அங்கே சத்துணவு சமைக்கக் கூடாது என்பதே அக்கோரிக்கை. அதிகாரிகள் முதலில் அதற்கு இணங்கி அவ்வம்மையாரை மாற்றினார்கள். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தபின் அந்த உத்தரவை ரத்து செய்தார்கள்.

இரண்டும் பொதுமக்கள் கேட்டவையே. ஆனால் ஒன்று எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பந்தியைக் கேட்டது. மற்றொன்று ஒருவருடைய உரிமையைப் பறிக்கக் கேட்டது. கையொப்பங்களின் எண்ணிக்கையால் அநீதி நியாயமாகிவிடாது. பிறர் உரிமையைப் பறிக்கும் மனுவுக்கும் பதில் உண்டு. அந்தப் பதில் "முடியாது" என்பதே.

சர்க்கார் செய்யவேண்டுவன

பாடத்திட்டத்திலோ பாஷையிலோ பரீக்ஷையிலோ பள்ளி நேரத்திலோ பெரிய மாறுதல் செய்யுமுன், நகலைத் தமிழில் வெளியிட்டு, பாடசாலைக் கமிட்டிகளின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டும். வந்த ஆக்ஷேபங்களையும் அவற்றுக்குச் சர்க்காரின் பதிலையும் உத்தரவுடன் சேர்த்தே பிரசுரிக்கவேண்டும். 32-வது பிரிவின்கீழ்ப் பிராதைப் பெறும் அதிகாரி யார் என்பதைப் பாடசாலைச் சுவரிலேயே எழுதிவைக்கவேண்டும். எத்தனை பிராதுகள் வந்தன, எத்தனை மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன என்று ஜில்லாவாரியாக வருஷந்தோறும் கணக்குக் காட்டவேண்டும். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டாம், மனம் வேண்டும்.

இவற்றைச் செய்யாவிடில் வழக்கே வழி என்றாகிறது. 2011-ல் அதையும் பார்த்தோம். முந்தைய வருஷம் சட்டமாகிவிட்ட சமச்சீர்க் கல்வியைப் புதிய சர்க்கார் நிறுத்திவைத்தது. பெற்றோரும் மற்றோரும் ஹைக்கோர்ட்டுக்குச் சென்றார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், ஆகஸ்டு 9-ந்தேதி அவர்களுக்கே ஜயம் கிடைத்தது. ஆனால் ஜூனில் பள்ளி திறந்தது முதல் ஆகஸ்டு வரை, எந்தப் புஸ்தகம் என்று தெரியாமல் குழந்தைகள் காத்திருந்தார்கள். ஜயித்தவர்களின் குழந்தைகளும் அந்த நாட்களை இழந்தவர்களே. கோர்ட்டு உரிமையை மீட்டுத் தரும். கழிந்த பாடவேளையை எந்தக் கோர்ட்டும் மீட்டுத் தர இயலாது.

நேயர்களே! 1846-ல் ஓட்டில்லாத மக்கள் கடல் கடந்து மகஜர் அனுப்பிக் கம்பெனியாரிடம் விடை பெற்றார்கள். 1938-லும் 1953-லும் விடை கிடைக்காத மக்கள் தெருவில் இறங்கி உத்தரவை மாற்றினார்கள். ஓட்டும் உண்டு, சட்டமும் உண்டு, திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸின் கதவும் திறந்திருக்கிறது என்னும் நிலையில் நாம் வாளாவிருந்தால், குறை சர்க்கார்மீது மட்டும் உள்ளதாகாது. ஒவ்வோர் ஊரிலும் எழுதத் தெரிந்த ஒருவர், எழுதத் தெரியாத பத்துப் பெற்றோருடன் அமர்ந்து, தம் ஊர்ப் பாடசாலையைப் பற்றி ஒரே ஒரு மனு எழுதட்டும். எண்ணோடு எழுதட்டும், சட்டத்தோடு எழுதட்டும், பதில் வரும்வரை விடாதிருக்கட்டும். கேட்பவர் உள்ள ஊரில்தான் கற்பிப்பவரும் கவனமாயிருப்பார், ஆள்பவரும் விழித்திருப்பார்.